கம்பளியைச் சொல்லாத சாட்சி

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவருடைய கிருபையால் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், என் ரத்தக்கொதிப்பையும் அம்மாவின் முழங்காலையும் தவிர வீட்டில் ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்கவேண்டும் என்பதே தினமும் எங்கள் ஜெபம். முப்பது வயதைத் தாண்டிய பெண்ணை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று கேட்காதே, உன் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போடுவதாக இருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் நான் கத்துவேன், கத்தினால் எனக்குத் தலை சுற்றும், அதனால் உன் அம்மா "பேச வேணாம், எழுதித் தொலைங்க, எழுதும்போதாவது நடுவுல மூச்சு விடுவீங்க" என்று சொல்லிப் பேனாவைக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆகையால் மூச்சு விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன், ஆனாலும் கோபம் குறைந்தபாடில்லை, நீ படிக்கும்போது தெரிந்துகொள்வாய்.

நீ உன் சித்திக்கு அனுப்பிய செய்தியைப் படித்தேன். போன வாரம் தையல் கடை முடிந்ததும் அவள் நேரே நம் வீட்டுக்கு வந்தாள், அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், போனை அடுப்பு மேடையில் வைத்து "அக்கா, பிள்ள என்னமோ பெருசா எழுதியிருக்கா, கண்ணாடி கொண்டு வரல, படிச்சுச் சொல்லுங்க" என்றாள். கண்ணாடி அவள் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் நீட்டினாள். சித்தப்பா முழுசாக மாறிவிட்டாராம், குடியை விட்டதைப் பற்றி அவர் சபையில் சாட்சி சொன்ன வீடியோவைப் பார்த்து நீயும் உன் தோழியும் அழுதீர்களாம், அப்படிப்பட்டவரைச் சித்தி மேடையில் வைத்து அவமானப்படுத்தலாமா, உங்கள் மன்னிக்காத இருதயம் அவருடைய ரட்சிப்புக்கே தடைக்கல்லாகிவிடும் சித்தி என்று எழுதியிருந்தாய். ஏன் வாலு, இந்த வரி உன்னுடையதா? சபை வாட்ஸ்அப் குழுவில் பாஸ்டர் போட்ட வரியை அப்படியே எடுத்து அவள் தலையில் போட்டிருக்கிறாய். உன்னைத் தூக்கி வளர்த்தவளிடம் ஒரு வார்த்தை என்ன நடந்தது சித்தி என்று கேட்கத் தோன்றவில்லை, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சத் தெரிந்திருக்கிறது. அம்மா நறுக்கி வைத்த வெங்காயத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு சித்தி தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். இதில் பாதி உனக்குத் தெரியும், மீதிப் பாதி எங்களுக்கே இந்த வருஷம்தான் தெரியும். சித்தி ஆஸ்பத்திரியில் துணி அறைக்குப் பொறுப்பாக இருந்தாள், உனக்கு நினைவிருக்கும், அங்கே போய் விரிப்பு அடுக்குகளுக்கு நடுவே ஒளிந்து விளையாடி மேட்ரனம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். கூரை வரைக்கும் மர அலமாரி, வெளுத்த துணியின் வாடை, உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். மடித்த விளிம்பெல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும்படி அடுக்கி வைத்திருப்பாள், ஒன்று குறைந்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். அந்த அறையின் சாவி அவளிடம் மட்டும்தான். நீ பத்தாவது படித்த வருஷம் குளிர்காலத்துக்கென்று வந்து இறங்கிய புதுக் கம்பளிகள் ஒரு வார்டுக்கு ஆகும் அளவு காணாமல் போயின. பூட்டு உடையவில்லை, சாவி அவளிடம், அப்புறம் வேறு யாரைக் கேட்பார்கள்? மேட்ரனம்மா நம் சபைதான், முன்வரிசையில் உட்காருகிறவர், அவர் போலீசுக்குப் போகாமல் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார், அந்தப் பெரிய மனசைச் சபையே மெச்சிக்கொண்டது. அடுத்த வாரமே ஞாயிறு பள்ளி வகுப்பைச் சித்தியிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து காணிக்கைப் பை அவள் வரிசைக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவர் எட்டி வாங்கி அவளைத் தாண்டி அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுவார். ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை வாலு, நேற்றுவரை. அவள் தன் காணிக்கையை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வருவாள், நாங்களும் அது அவளுடைய வழக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எடுத்தது யார் தெரியுமா? உன் சித்தப்பா. என் கூடப் பிறந்தவன். அவள் குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு போய், கூட்டாளி ஒருவனின் வண்டியில் கம்பளிகளை ஏற்றி விற்றுக் குடித்துவிட்டான். போதை தெளிந்ததும் அவள் காலில் விழுந்து அழுதிருக்கிறான், "நானே போய் மேட்ரனம்மாகிட்ட சொல்லிடறேன், கொஞ்சம் தைரியம் வரட்டும்" என்றிருக்கிறான். தைரியம் வரவில்லை, அடுத்த பாட்டில்தான் வந்தது. அப்போது என் அம்மா அவர்கள் வீட்டில்தான் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள், போலீஸ் வாசலில் வந்து நின்றால் அந்தக் கணமே உயிர் போய்விடும் என்று சித்தி வாயைக் கட்டிக்கொண்டாள். என் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்துக் குளிப்பாட்டிய கை அது, அந்தக் கைக்குத்தான் திருட்டுக் கை என்று பெயர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே இரண்டும் ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் படுத்திருந்திருக்கிறது. என் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவள் இவனை வெளியே அனுப்பினாள், குடிக்காக அனுப்பினாள் என்று நாங்கள் நினைத்தோம். அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள், புருஷன் மேல் பழியைத் தூக்கிப் போடுகிறாள் என்பார்கள். ஆகவே கடையில் உட்கார்ந்து ஊரார் கால்சட்டைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்தது உன் சித்தப்பாவின் ரட்சிப்பு. ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், அவன் குடியை விட்டது சத்தியம். கை நடுக்கம் நின்றுவிட்டது, கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது, சபைக்குப் பின்னால் இருக்கும் அறையில் தங்கி நாற்காலி போடுவதும் எடுப்பதுமாக ஒழுங்காக இருக்கிறான். அதற்காக முழங்காலில் நின்று அழுது நன்றி சொன்னவன் நான். அவன் முதல்முறை சாட்சி சொன்ன நாளும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் சபையில் மைக்செட் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது நான்தானே, யார் எதைச் சொன்னாலும் என் காது வழியாகத்தான் போகும். "நான் குடிச்சேன், வேலைய விட்டேன், எல்லாருக்கும் கஷ்டம் குடுத்தேன், இப்ப விட்டுட்டேன்" என்றான், அவ்வளவுதான். இரண்டு பேர் ஆமென் சொன்னார்கள், ஒரு குழந்தை வீறிட்டது, முடிந்தது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அவன் தோளில் கை போட்டு "பிரதர், இன்னும் உடைஞ்சு சொல்லணும்" என்றார். அவனும் உடைய ஆரம்பித்தான். அடுத்தமுறை சாக்கடையில் விழுந்து கிடந்தானாம், இவன் எவ்வளவு குடித்தாலும் கால் கழுவாமல் படுக்கமாட்டான் என்பது உனக்கே தெரியும். அதற்கடுத்து பெண்டாட்டி தலையில் பாட்டிலை உடைத்தானாம். அப்புறம் கத்தியை எடுத்தானாம். கூட்டம் விம்மியது. பாஸ்டர் என்னிடம் வந்து பாட்டில் இடம் வரும்போது கொஞ்சம் எக்கோ போடுங்கள் என்றார், நானும் போட்டேன் மடையன். நாலு சுவருக்குள்ளே நமக்குத் தெரியாமல் நடந்திருக்குமோ என்று பயந்து, அம்மாவை விட்டுச் சித்தியிடம் கேட்கச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாளாம். "பாட்டிலையா? அடியில ஒரு சொட்டு மிச்சம் இருந்தாக்கூட கீழ வைக்க மனசு வராது அந்த மனுஷனுக்கு, உடைப்பாராக்கும்!" என்றாளாம். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் சபைப் பெண்கள் அவள் வகிட்டைப் பார்த்துப் பார்த்துத் தழும்பு தேட ஆரம்பித்திருந்தார்கள். திருடி என்று பை கொடுக்காதவர்களே ஐயோ பாவம் என்று தலையைத் தடவிக்கொடுத்தார்கள். இரண்டில் எது அவளுக்கு அதிகமாக வலித்தது என்று நான் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்தெல்லாம் இவனைச் சாட்சி சொல்லக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெண்டாட்டியும் பக்கத்தில் நின்றால் சாட்சி முழுமையாகும் என்று பாஸ்டருக்குத் தோன்றிவிட்டது. தையல் கடைக்கே போய், "சிஸ்டர், நீங்க வந்து பக்கத்துல நின்னு, நான் மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றிருக்கிறார். எதை மன்னித்ததாகச் சொல்லவேண்டும் என்று சித்தி கேட்டிருக்கிறாள். எல்லாவற்றையும்தான் என்றாராம். சரி வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் வந்து உன் அம்மாவிடம் கம்பளிக் கதையைச் சொன்னாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தம்பியைத் தேடிக் கிளம்பினேன். "அவளே பாத்துக்குவா, நீங்க ஊடால போகாதீங்க" என்று அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், அந்த முழங்காலோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பார்த்ததெல்லாம் நடந்தது. மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் நம் சபைக் கூடம் நிரம்பி வழிந்தது, படிக்கட்டில்கூட ஆள். தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாக்கடை, பாட்டில், கத்தி என்று வரிசையாகச் சொன்னான். எக்கோ போடவில்லை நான். ஆனாலும் அழுதார்கள். நீ பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது, வீடியோவை அந்த இடத்தோடு வெட்டிவிட்டார்கள். பாஸ்டர் மைக்கைச் சித்தியின் கையில் கொடுத்தார். அவள் அதற்கு முன் மைக் பிடித்ததில்லை, வாயோடு ஒட்டிப் பிடித்ததில் மூச்செல்லாம் புஸ்புஸ்ஸென்று வந்தது, நான் குமிழைக் கொஞ்சம் சரிசெய்தேன். "இவர் என் தலையில பாட்டில் எதையும் உடைக்கல. கத்தி எடுக்கல. சாக்கடையிலயும் படுக்கல. அவர் செஞ்சது வேற. என்னன்னு அவருக்குத் தெரியும். அத அவர் வாயால இங்கயே சொல்லட்டும், நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றாள். கத்தவில்லை, அழவில்லை, கடையில் அளவு சொல்வது மாதிரி சொன்னாள். பாஸ்டர் என்னைப் பார்த்துக் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தார், மைக்கை அணை என்று அர்த்தம். அவர் புருவத்தை அசைத்தாலே ஏற்றி இறக்குகிறவன் நான், இத்தனை வருஷமும் அப்படித்தான். கை குமிழ் மேலேதான் இருந்தது. இறக்கவில்லை. அவள் காத்துக்கொண்டு நிற்கும் மூச்சு ஸ்பீக்கர் வழியாகக் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. என் தம்பி முன்வரிசையில் இருந்த மேட்ரனம்மாவை ஒருமுறை பார்த்தான், தரையைப் பார்த்தான், வாயைத் திறக்கவே இல்லை. பழைய காயம் பேசுகிறது, நாம் ஒரு பாட்டுப் பாடுவோம் என்று பாஸ்டர் தன் மைக்கில் சொன்னார், அவருடைய மைக் ஏனோ அன்றைக்குச் சரியாக வேலை செய்யவில்லை. பாட்டு முடியும்வரை சித்தி நின்ற இடத்திலேயே நின்றாள், பிறகு மைக்கை மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

இதுதான் குழுவில் வந்ததைப் படித்துவிட்டு நீ சொல்லும் அவமானப்படுத்தல். யார் யாரை அவமானப்படுத்தியது? அன்று மத்தியானமே பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, சபைக் காரியத்தில் குடும்பச் சண்டையைக் கொண்டுவருகிறீர்கள் பிரதர், இனிமேல் மைக்செட்டை என் மைத்துனர் பார்த்துக்கொள்வார் என்றார். கேபிளையெல்லாம் முறுக்கு விழாமல் சுருட்டி வைத்துவிட்டுத்தான் வந்தேன், அந்த மைத்துனருக்குச் சுருட்டத் தெரியாது. வருவதற்கு முன்னால் கேட்டேன், அவன் செய்த ஒரு காரியத்தால் ஒருத்தியின் பெயர் கெட்டுக் கிடக்கிறது, அதைச் சரிசெய்யாமல் என்ன ரட்சிப்பு என்று. அவர் சிரித்துக்கொண்டே, "சிலுவையில தொங்குன கள்ளன் யாருக்கு என்ன சரிசெஞ்சான் பிரதர்? விசுவாசிச்சான், பரதீசு போனான். ரட்சிப்பு இலவசம்" என்றார். படியிறங்கி வந்துவிட்டேன். பதில் எனக்குச் சாவகாசமாகத்தான் வரும், நாலைந்து நாள் கழித்து என் மோட்டார் ரிப்பேர் கடையில் ஒரு மின்விசிறிக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போது வந்தது. அந்தக் கள்ளனுக்கு இரண்டு கையும் ஆணியில் இருந்தது ஐயா. என் தம்பிக்கு இரண்டு கையும் சும்மாதான் இருக்கிறது, பஸ் பிடித்தால் ஆஸ்பத்திரி கால் மணி நேரம். அதுவும் போகட்டும், கையை அசைக்கமுடியாத அந்தக் கள்ளனே சாகும் நேரத்தில் என்ன சொன்னான்? நமக்கு நியாயமாகத்தான் கிடைக்கிறது, இவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்று பக்கத்தில் தொங்கிய குற்றமில்லாதவருக்காகப் பேசினான். சித்தி கேட்டதும் அந்த ஒரு வாக்கியம்தானே! ஆணியில் தொங்கினவனுக்கு முடிந்தது வெள்ளைச் சட்டை போட்டு மேடையில் நின்றவனுக்கு முடியவில்லை. வேதத்தில் ஆண்டவரைப் பார்க்க மரத்தில் ஏறிய, வரி வசூலிக்கும் அந்தக் குள்ளரையும் நினைத்துப் பார், ஆண்டவர் அவர் வீட்டுக்குள் வந்ததும் யாரும் கேட்காமலே எழுந்து நின்று, யாரை ஏய்த்தேனோ அவர்களுக்குத் திருப்பித் தருகிறேன் என்றார், அதைக் கேட்ட பிறகுதான் இந்த வீட்டுக்கு ரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார். ரட்சிப்பு இலவசம் என்று நானும் நம்புகிறேன் வாலு, எனக்கும் அது இலவசமாகத்தான் வேண்டும், விலை கொடுத்து வாங்க என்னிடம் என்ன இருக்கிறது. ஆனால் ஆண்டவர் தன் செலவில் கொடுப்பதுதான் இலவசம், தையல் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் செலவில் இவன் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. மனந்திரும்பினான் மனந்திரும்பினான் என்கிறார்கள், திரும்பியவன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவேண்டாமா? முகம் கூட்டத்தின் பக்கம், முதுகு பெண்டாட்டி பக்கம்.

அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு எழுதச் சொன்னால் பிரசங்கம் எழுதுகிறீர்களா, மாடிக் குழாய் ஒழுகுகிறது, அதைச் சொன்னீர்களா என்கிறாள். சொல்லிவிட்டேன், மாடிக் குழாய் ஒழுகுகிறது. உன் கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா என்றும் கேட்கச் சொல்கிறாள். வலி நின்றுவிட்டது என்று டாக்டரிடம் போகாமல் இருக்காதே, வலி நிற்பது வேறு, சொத்தை போவது வேறு.

உன் சித்தப்பா அதற்கு அடுத்த வாரம் என் கடைக்கு வந்தான். பழைய மோட்டார்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, கீழே கிடந்த செம்புக் கம்பியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். நான் முகம் கொடுக்கவில்லை. "அண்ணே, ஆண்டவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், கம்பளியையும் சொல்லிட்டேன்" என்றான். ஆண்டவருக்கு முதலிலேயே தெரியும்டா, தெரியாதது மேட்ரனுக்குத்தான் என்றேன். அப்புறம், எதற்காக இல்லாத பாட்டிலை உடைத்தாய் என்று கேட்டேன். "மொத தடவ உள்ளதச் சொன்னேன், யாரும் அழல அண்ணே" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. அவ்வளவு பெரிய பொய்ப் பாவத்தைச் சொல்லத் தெரிந்தவனுக்கு இத்தனூண்டு நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லையா என்று சத்தம் போட்டேன். அதற்கு அவன், "பெண்டாட்டிய அடிச்சேன், சாக்கடையில கிடந்தேன்னா அழுவாங்க அண்ணே, கட்டிப் பிடிச்சுக்குவாங்க. கம்பளி திருடினேன்னு சொன்னா பக்கத்துல உக்காந்தவங்க பைய இழுத்து மடியில வச்சுக்குவாங்க" என்றான். வாலு, எனக்கு வந்த கோபத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். "அவ பக்கத்துல இத்தன வருஷமா அப்படித்தான்டா வச்சுக்கிட்டிருக்காங்க" என்றேன். அவன் கம்பியை விரலிலிருந்து கழற்றி மேஜையில் வைத்தான், வாங்கி வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான், மேட்ரனம்மாவின் அறை வாசலில் காத்திருந்து சொல்லியிருக்கிறான். அந்த அம்மா பாஸ்டருக்குப் போன் செய்திருக்கிறார். பாஸ்டர் இவனைக் கூப்பிட்டு, சொல்லவேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது, இதோடு விட்டுவிடு, சபையில் சொன்னால் பலவீனமான விசுவாசிகள் இடறிப்போவார்கள், பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு வேறு ஒத்துக்கொண்டிருக்கிறோம் என்றாராம். பார்த்தாயா நியாயத்தை! பொய்ப் பாட்டில் உடைந்தபோது இடறாத விசுவாசிகள் நிஜக் கம்பளியில் இடறிவிடுவார்களாம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இப்படி ஒரு பெயர்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நானும் அம்மாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம், பாஸ்டரின் மைத்துனர் புண்ணியத்தில் ஸ்பீக்கர் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. சித்தி எப்போதும்போலப் பெண்கள் பக்கத்தில் ஓரமாக இருந்தாள். சாட்சி நேரம் வந்தது, தம்பியின் பெயரைக் கூப்பிடவில்லை. இவனாகவே நாற்காலிகளுக்கு நடுவில் எழுந்து நின்றான். மைக் கிடையாது, முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஊர்ச் சாட்சியெல்லாம் காதில் வாங்கினவனுக்கு என் தம்பி பேசியது கேட்கவில்லை, உதடு அசைவதுதான் தெரிந்தது. என்ன சொல்கிறான் என்று அம்மாவைக் கேட்டேன், அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் இருந்தவர்கள் பிறகு சொல்லித்தான் தெரியும். "ஆஸ்பத்திரிக் கம்பளிய எடுத்தது நான். அவ சாவிய அவளுக்குத் தெரியாம கொண்டு போய் எடுத்தேன். அவ மேல பழி விழுந்தப்ப வாயத் திறக்கல. பாட்டில் கதை, கத்திக் கதை எல்லாம் பொய்" என்றானாம். உட்கார்ந்துவிட்டான். ஒரு ஆமென் இல்லை, அல்லேலூயா இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். மேட்ரனம்மா இருந்த இடத்திலிருந்தே திரும்பிச் சித்தியைத் தேடினார். பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். ஒருவன் ரட்சிக்கப்பட்டான் இல்லை என்று சொல்ல நான் யார், எனக்கு என்ன அதிகாரம்? ஆனாலும் சொல்கிறேன், நேற்றுத்தான் என் கண்ணால் பார்த்தேன்.

கோபம் அதனாலெல்லாம் தீர்ந்துவிடவில்லை. மன்னிக்காத இருதயம் என்று அலறிய குழு நேற்றிலிருந்து ஊமையாகிவிட்டது, தவறாகச் சொல்லிவிட்டோம் சிஸ்டர் என்று எழுத ஒரு விரல் அசையவில்லை. பக்கத்து ஊர்க் கூட்டத்தில் தம்பியின் பெயரை எடுத்துவிட்டார்களாம், உள்ளதைச் சொன்னவனுக்கு மேடை இல்லை. ஆராதனை முடிந்து வரும் வழியில் நானும் ஒரு அவசரக்குடுக்கை வேலை செய்தேன். சித்தி எங்களோடுதான் நடந்து வந்தாள், அவன் ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்தான். "என்னம்மா, மன்னிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னை முறைத்தாள். சித்தி நின்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இப்பத்தான அத்தான் மன்னிக்கறதுக்குன்னு ஒண்ணு குடுத்திருக்காரு. உடைக்காத பாட்டில நான் எங்க போய் மன்னிக்கிறது? இத்தன நாளா எல்லாரும் மன்னி மன்னின்னு கேட்டாங்க, எதையின்னு ஒருத்தரும் சொல்லல. இனிமேதான் யோசிக்கணும், என்னை யாரும் அவசரப்படுத்தாதீங்க." சொல்லிவிட்டு அவள் சந்துக்குள் திரும்பிவிட்டாள். அவன் முனையிலேயே நின்றுவிட்டான். கூப்பிடவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை, அந்த மட்டுக்கும் புத்தி வந்திருக்கிறது.

ஆகையால் வாலு, நீ சித்திக்கு எழுது. வசனம் போடாதே, பூப்படம் போடாதே, ஜெபிக்கிறேன் சித்தி என்று முடிக்காதே. என்ன நடந்தது என்று கேட்காமலே உங்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன், அடுத்தவர் சொன்ன வரியை எடுத்து உங்கள் மேல் வீசினேன் என்று செய்ததைச் செய்தபடி எழுது. அந்த வீடியோவை யார் யாருக்கு அனுப்பினாயோ அத்தனை பேருக்கும் அது பொய் என்றும் எழுது, வெட்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் பாடு, அதை நீ கேட்டு வாங்க முடியாது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதித்து, உனக்கு நல்ல புத்தியும் நல்ல பல்லும் தரவேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் கேட்டுக்கொள்கிறோம். நான் திட்டியதற்காகச் சாப்பிடாமல் படுக்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே, சித்திக்கு எழுதும்வரை எனக்குப் போன் செய்யாதே. எழுதிவிட்டுச் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாகவும் ஆசையாகவும் இருக்கும்
அப்பா